நாலு பேர் என்ன சொல்வார்கள்?

உத்திரமேரூரைப் புகழாத மேடை இல்லை. தில்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டிய 2020 டிசம்பர் 10-ஆம் நாளன்று, தலைமை அமைச்சரே அவ்வூர்க் கல்வெட்டை எடுத்துக்காட்டிப் பேசினார். பள்ளிப் பாடநூல் புகழ்கிறது. சுற்றுலாக் கையேடு புகழ்கிறது. விழா நாள் வாழ்த்துரைகள் எல்லாம் புகழ்கின்றன. 'ஆயிரம் ஆண்டுகட்கு முன்பே அகிலத்திற்கு மக்களாட்சியைக் கற்பித்த மண்!' என்று ஒருவர் முழங்கிவிட்டால் போதும், கையொலி விண்ணைப் பிளக்கும்! முன்வரிசையில் நாலு பேர் தட்டுவர். நடுவரிசை திரும்பிப் பார்த்துத் தட்டும். பின்வரிசையில் பேச்சே கேளாதவரும் தட்டுவர். தட்டியவருள் அந்தச் சுவரைப் படித்தவர் எத்தனை பேர் என்று எவரும் கேட்பதில்லை. கேட்டால், பக்கத்தில் இருப்பவர் முகம் சுளிப்பாரே!

அந்த முகச்சுளிப்புக்கு அஞ்சும் அச்சத்தைப் பற்றித்தான் நாம் இங்கே பேச விரும்புகிறோம். தனியே இருக்கும்போது ஒன்றை எண்ணி, நாலு பேர் நடுவே வேறொன்றைச் சொல்லி, வீடு திரும்பியபின் சொன்னதையே எண்ணமாகவும் ஆக்கிக்கொள்ளும் மனித இயல்பை ஆராய ஒரு துறை எழுந்துள்ளது. சமூக உளவியல் என்பர். அந்தத் துறையின் கண்ணாடியை அணிந்துகொண்டு உத்திரமேரூர்ச் சுவரைப் படித்துப் பார்த்தால், மேடைப் பேச்சாளர் காட்டாத இரு காட்சிகள் தெரிகின்றன. ஒன்று பெருமைக்குரியது. மற்றது தலை குனியத்தக்கது.

முதலில் சுவர். வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்தில், முதற் பராந்தக சோழனின் 12-ஆம் ஆட்சியாண்டிலும் 14-ஆம் ஆட்சியாண்டிலும், அதாவது கி.பி. 919-இலும் 921-இலும், வெட்டப்பட்ட இரண்டு ஆவணங்கள் உள்ளன. முதல் ஆண்டு வகுத்த விதி ஈராண்டிலேயே போதாதெனத் தோன்றிற்று, திருத்தி விரித்தனர். அந்த விரிவில்தான் சுவை இருக்கிறது. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. குடும்புதோறும் தகுதியுடையோர் பெயர்களை ஓலை நறுக்கில் தனித்தனியே எழுதிக் கட்டாகக் கட்டிக் குடத்தில் இடவேண்டும். ஊர்ச்சபை இளையோர் முதியோர் அனைவரும் கூடியிருக்க, ஊரிலுள்ள நம்பிமார் ஒருவர் தவறாமல் வந்து அமர்ந்திருக்க, அவர்களுள் மூத்தவர் அக்குடத்தை எல்லாரும் காணத் தூக்கிப் பிடிக்க வேண்டும். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுத்துத் தர, அதைப் பிரித்து வேறொரு குடத்திலிட்டுக் குலுக்கி, மீண்டும் அவனே ஓர் ஓலையை எடுக்க வேண்டும். அதனை வாங்கும் நடுவன் ஐந்து விரலையும் அகல விரித்த உள்ளங்கையிலேதான் வாங்க வேண்டும்! வாங்கிப் படித்தபின், அங்குள்ள நம்பிமார் யாவரும் அதையே படிக்க வேண்டும். இப்படிக் கிடைத்த 30 பேரில், வயதாலும் கல்வியாலும் மூத்து, தோட்ட வாரியம் ஏரி வாரியம் ஆகியவற்றில் முன்பே பணி செய்தோர் 12 பேர் ஆண்டு வாரியத்திற்கு. 12 பேர் தோட்ட வாரியத்திற்கு. 6 பேர் ஏரி வாரியத்திற்கு. 360 நாள் கழிந்ததும் இறங்கிவிட வேண்டும். இறங்கியவர் மூன்றாண்டு மீண்டும் ஏறுதல் இல்லை.

இதைச் செதுக்கச் சொன்னவர்கள் கவிஞர்கள் அல்லர், கணக்கர்கள். ஆயினும், காவியம் பாடிய பலரினும் மனித மனத்தை நன்கறிந்தவர்கள் என்றே சொல்வோம். விரலை ஏன் விரிக்க வேண்டும்? மடக்கிய விரலிடையே வேறோர் ஓலை ஒளிந்திருக்கலாம் என்ற ஐயம். சிறுவன் ஏன்? பெரியவன் எடுத்தால், எதிரே அமர்ந்திருக்கும் பெரிய வீட்டாரின் பார்வை அவன் கையை இழுக்கும். ஒருவர் படித்ததை எல்லாரும் ஏன் படிக்க வேண்டும்? படித்தவர் ஒருவராயிருந்தால் அவரை மட்டும் வளைத்தால் போதும். இவையெல்லாம் அனுபவத்தில் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள் எழுதிய விதிகள். 'நல்லவர் நாட்டம் நல்லதே' என்று நம்பி இருந்துவிடவில்லை அவர்கள்.

உறவைப் பற்றிய விதியைப் பாருங்கள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவன் பெயரை ஓலையில் எழுதலாகாது. அவன் பெயர் மட்டுமா? தாயின் உடன்பிறந்தாள் மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், தாய்மாமன், தந்தையின் உடன்பிறந்தான், மாமனார், மைத்துனன், உடன்பிறந்தாள் கணவன், அவள் மகன், மருமகன், தந்தை, மகன் என்று கொடி பிடித்துக்கொண்டே போகிறது பட்டியல்! குற்றம் செய்தவன் ஒருவன். விலக்கு உறவுக் கொடி முழுதுக்கும். இன்றைய நீதி இதை ஒப்பாது, நாமும் ஒப்பவில்லை. ஆனால் இதன் அடியில் இருக்கும் அறிவு பொய்யன்று. நாற்காலியில் மைத்துனன் அமர்ந்திருக்கையில், கணக்கைக் கேட்கும் வாய் தானாக மூடிக்கொள்ளும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

அடுத்து, மேடைகள் மறைக்கும் ஒரு சிறு செய்தி. இது வாக்களித்தல் அன்று, சீட்டுக் குலுக்கல். எந்த உறுப்பினனும் 'இவரே வேண்டும்' என்று சொல்லவில்லை, சொல்லவும் விடவில்லை. ஒருவன் வாய்திறந்து சொன்னால் அது அவன் சொல்லாக இராது, அவனைச் சுற்றி அமர்ந்திருப்பவர் சொல்லாகிவிடும் என்று அஞ்சித் தற்செயலிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டனர். மறைவாக வாக்களிக்கும் முறையை ஆஸ்திரேலியாவின் விக்டோரியா 1856-இலும் இங்கிலாந்து 1872-இலும் சட்டமாக்கின. அதற்கு முன் இங்கிலாந்துக் குடியானவன், தன் நிலக்கிழார் பார்த்திருக்க, வாக்கை வாயால் சொல்ல வேண்டியிருந்தது. யாருக்குச் சொல்லியிருப்பான் என்று விளக்கவும் வேண்டுமோ!

இனி அந்தத் துறைக்கு வருவோம். 1951-இல் அமெரிக்க உளநூலறிஞர் சாலமன் ஆஷ் ஓர் எளிய சோதனையை வெளியிட்டார். ஓர் அட்டையில் ஒரு கோடு. இன்னோர் அட்டையில் மூன்று கோடுகள். முதற்கோட்டின் அளவுள்ளது எது? குழந்தையும் சொல்லிவிடும். ஆனால் அறையில் இருந்த மாணவருள் ஒருவன் தவிர மற்றவர் அனைவரும் ஆய்வாளர் அமர்த்திய ஆட்கள். அவர்கள் ஒரே குரலாகத் தவறான கோட்டைச் சொல்வார்கள். பிறகு அந்த ஒருவன் முறை. என்ன சொன்னான்? 1955-இல் ஆஷ் எழுதிய கணக்குப்படி, 123 மாணவரிடம் சோதித்ததில், இத்தகைய வேளைகளில் 36.8 விழுக்காடு விடைகள் கூட்டத்தோடு சேர்ந்து தவறின. சுற்றிலும் எவரும் இன்றி விடை சொன்னபோதோ தவறு 1 விழுக்காட்டையும் எட்டவில்லை. எதிர்த்துச் சொன்னவர் ஒருவரேயானால் அவன் அசையவில்லை. இருவரானால் சற்று அசைந்தான். மூவர் சேர்ந்ததும் ஏறக்குறைய முழுதும் சாய்ந்தான். அதற்குமேல் ஆளைக் கூட்டியும் சாய்வு பெரிதாகக் கூடவில்லை. நம் வீட்டுப் பாட்டிமார் 'நாலு பேர் என்ன சொல்வார்கள்?' என்றனர். ஆஷ், மூன்று பேரே போதும் என்கிறார்!

பின்னர்த் தனியே அழைத்துக் கேட்டபோது, சிலர் 'என் கண்ணில்தான் கோளாறு என்றெண்ணினேன்' என்றனர். சிலர் 'தவறென்று தெரியும். தனித்து நிற்க விரும்பவில்லை' என்றனர். நாலில் ஒருவர் கடைசிவரை ஒருமுறையும் இணங்கவில்லை என்பதையும் மறக்கலாகாது. இன்னொன்றே எல்லாவற்றினும் பெரிது. கூட்டத்தில் ஒரே ஒருவர் உண்மையைச் சொல்லிவிட்டால், அந்த மாணவனின் தவறுகள் நாலில் ஒரு பங்காகச் சுருங்கின. ஒருவர்! ஒரே ஒருவர்!

அமெரிக்கக் கல்லூரிப் பிள்ளைகளின் விளையாட்டு நமக்கெதற்கு என்பீரோ? 17 நாடுகளில் நடந்த இத்தகைய 133 ஆய்வுகளை 1996-இல் ஒருங்கு வைத்துப் பார்த்தனர். கூட்டு வாழ்வைப் பெரிதெனப் போற்றும் நாடுகளில் ஒத்துப்போதல் மிகுதி என்றே தெரிந்தது. இத்துறை நமக்கு அயல்வீட்டுச் சரக்கும் அன்று. 1916-லேயே கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை தோன்றிவிட்டது. 1934-இல் பீகாரில் நிலம் நடுங்கியபின் மக்களிடை பரவிய வதந்திகளைப் பிரசாத் என்னும் இந்திய அறிஞர் ஆராய்ந்தார். அதிர்ச்சியை உணர்ந்தும் அழிவுக்கு ஆளாகாத ஊர்களில், இன்னும் பேரழிவு வருமென்ற வதந்தி ஏன் ஓடிற்று என்ற புதிர், 1957-இல் அமெரிக்கரான ஃபெஸ்டிங்கர் வகுத்த பெயர்பெற்ற கோட்பாட்டுக்கு ஒரு வித்தாயிற்று.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. பழங்கதையைக் கேள்வி கேட்கும் நாம் ஆய்வறிக்கையைக் கண்டதும் கை கூப்பலாகாது. 1971-இல் அமெரிக்காவில் நடந்த சிறைச்சாலை நாடகச் சோதனையில், காவலராக நடித்தவர்க்கு எப்படி நடப்பதென்று முன்னரே குறிப்புத் தரப்பட்டது பின்னாளில் வெளிப்பட்டது. 2015-இல் உளவியல் ஆய்வுகள் 100-ஐ மீண்டும் செய்து பார்த்தபோது, பாதிக்கும் குறைவானவையே பழைய விடையைத் தந்தன. ஆகவே பலமுறை, பல இடத்தில் செய்து பார்த்து நின்றவற்றையே நாம் துணைக்கு அழைக்கிறோம்.

மீண்டும் சுவருக்குத் திரும்புவோம். இவ்வளவு நுட்பமாக மனத்தை அளந்த விதிகள் யாருக்காக? அவ்வூரின் அந்நாள் பெயர் உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம். பெயரே சொல்லிவிடுகிறதே! பார்ப்பனர்க்கு வழங்கிய பிரமதேயம். கால் வேலிக்குமேல் இறை செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35-க்குமேல் 70-க்குள் வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். வேதப் புலமை மிகுந்தால் அரைக்கால் வேலியும் போதுமாம்! ஏரியைக் காக்க வாரியம் அமைத்தனர். அந்த ஏரி நீரை வாய்க்காலில் திருப்பி வயலில் கால் புதைய நின்றவனுக்கு அவ்வாரியத்தில் இடமில்லை. வேதத் தகுதி என்ற ஒரு சொல்லே உழவனையும், கைவினைஞனையும், சேரியையும், பெண்ணையும் வாயிற்படிக்கு வெளியே நிறுத்திவிட்டது. 'மக்களாட்சி' என்று முழங்குவோர், எந்த மக்களின் ஆட்சி என்ற இரண்டாம் கேள்விக்கு முன்பே கீழிறங்கிவிடுகின்றனர்.

விலக்குப் பட்டியலில் இன்னும் ஒரு விதி உண்டு. திருட்டையும் பெரும்பாவங்களையும் செய்தோர் வரிசையிலேயே, தாழ்ந்தோராகத் தள்ளப்பட்டவருடன் பழகியதால் தாமும் தள்ளப்பட்டவரும் வைக்கப்பட்டிருக்கின்றனர். கழுவாய் செய்யும்வரை அவர் பெயர் ஓலை ஏறாது. பழகுதல் குற்றம்! இதை வெறும் மடமை என்று ஒதுக்கிவிடாதீர். கார்டன் ஆல்போர்ட் என்னும் அறிஞர் 1954-இல் வெளியிட்ட நூலில், பகைமை கொண்ட இரு கூட்டத்தார் சமநிலையில் நின்று, பொது நோக்கத்திற்காக ஒன்றாகப் பணிசெய்து, அதிகாரத்தின் ஆதரவும் பெற்றால், முன்முடிவு கரையும் என்றார். அவர் ஆய்ந்து சொன்னதை இவர்கள் ஆயாமலே அறிந்திருந்தனர் போலும்! பழக்கம் வேலியைக் கரைக்கும் என்று தெரிந்ததால்தான் பழக்கத்திற்குத் தண்டனை விதித்தனர்.

வேலி கரையவில்லை. அதற்கு இன்றும் காவல் நிற்பது எது? ஊர்களில் நாம் அடிக்கடி கேட்கும் ஒரு சொற்றொடர் இருக்கிறது: 'எனக்கொன்றும் இல்லை ஐயா, ஊர் ஒப்பாது.' இப்படிச் சொல்லும் ஒவ்வொருவரும் தம்மைத் தவிர்த்து மற்றவரையே 'ஊர்' என்கின்றனர். அந்த மற்றவரைக் கேட்டால் அவரும் அதையே சொல்கிறார். பிறகு ஊர் என்பது யார்? 1931-இல் டேனியல் காட்ஸ், ஃபிளாய்ட் ஆல்போர்ட் ஆகியோர் அமெரிக்க மாணவர் விடுதிக் கழகங்களில் இதே வியப்பைக் கண்டனர். சிறுபான்மையினரைச் சேர்த்துக்கொள்ளத் தனித்தனியே தடை சொல்லாதவர் பலர், 'மற்றவர் ஒப்பமாட்டார்' என்ற நம்பிக்கையால் கதவை அடைத்து வைத்திருந்தனர். கறுப்பரைப் பிரித்து வைக்கும் கொள்கைக்கு வெள்ளையரிடை இருந்த ஆதரவை வெள்ளையரே மிகைப்படுத்தி எண்ணினர் என்று 1975-இல் இன்னோர் ஆய்வு காட்டிற்று. யாரும் மனமார வணங்காத தெய்வத்திற்கு, அடுத்தவர் வணங்குகிறார் என்றெண்ணி எல்லாரும் படையல் போடுவது போன்றது இது.

எல்லாமே இத்தகைய மாயை என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது கொடுமையை மெழுகிவிடும். 1996-இல் ஊராட்சித் தேர்தல் வந்தபோது, மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில் தலைவர் பதவி ஆதித்திராவிடர்க்கு ஒதுக்கப்பட்டது. பத்தாண்டு, ஆம், முழுதாகப் பத்தாண்டு அவ்வூர்களில் நாற்காலி நிரம்பவில்லை. வேட்புமனு வராது, வந்து வென்றவரும் உடனே விலகல் கடிதம் எழுதுவார். மேலவளவில் துணிந்து தலைவரான முருகேசன் 1997 ஜூன் 30 அன்று உடன் வந்தோருடன் வெட்டிக் கொல்லப்பட்டார். அங்கே இருந்தது அரிவாள். ஆனால் அரிவாள் சிலர் கையில்தான் இருந்தது. அதற்குக் காவலாக நின்றது பலருடைய மௌனம். 2006-இல் மாவட்ட நிர்வாகம் ஊர் ஊராகச் சென்று பேசி, காவல் தந்து, தேர்தலை நடத்திக் காட்டிற்று. தலைவர்கள் பதவியில் நீடித்தனர். அசையாப் பாறை என்று காட்டப்பட்ட 'ஊர்', அதிகாரம் உறுதியாக நின்றதும், வழிவிட்டது. ஆல்போர்ட் சொன்ன நாலாவது நிபந்தனை அதுதானே!

சாதியின் பெயரை நாலு பேர் நடுவே உரக்கச் சொல்வதே ஓர் அடி என்பதற்கும் சான்று உண்டு. உத்தரப் பிரதேசச் சிற்றூர்களில் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே ஆகிய இருவர் 642 சிறுவரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2006-இல் பதிப்பிக்கப்பெற்றது. புதிர்ப்பாதைகளுக்கு விடை காணும் போட்டி. சாதியை அறிவிக்காதபோது, உயர்த்தப்பட்ட சாதிச் சிறுவர்க்கும் தாழ்த்தப்பட்ட சாதிச் சிறுவர்க்கும் திறமையில் வேறுபாடே இல்லை. இருசாரார்க்கும் நடுவே ஒவ்வொருவன் பெயரையும், தந்தை பெயரையும், சாதியையும் சொல்லிவிட்டுப் போட்டி வைத்தபோது, தாழ்த்தப்பட்ட சிறுவர் பின்தங்கினர். அதே மூளை, அதே கை, அதே காகிதம்! இடையில் புகுந்தது ஒரு சொல். அச்சொல்லைக் கேட்ட கண்களின் பார்வை.

இதைப் படிக்கையில் 1929-ஐ நினையாதிருக்க முடியவில்லை. உத்திரமேரூர் அன்று அடங்கியிருந்த செங்கற்பட்டு மாவட்டத்தின் செங்கற்பட்டு நகரில், பிப்ரவரி 17, 18 நாட்களில் முதல் மாகாணச் சுயமரியாதை மாநாடு சௌந்தரபாண்டியனார் தலைமையில் கூடி, பெயருக்குப் பின்னுள்ள சாதிப் பட்டத்தை விட்டொழிக்கத் தீர்மானித்தது. தனியொருவன் தன் பட்டத்தை வெட்டினால் 'இவன் எந்தச் சாதியோ, மறைக்கிறான்' என்று ஏசுவர். பலர் சேர்ந்து, பலர் காண வெட்டினால்? ஆஷின் அறையில் உண்மை சொன்ன அந்த ஒருவர் கிடைத்துவிட்டாரல்லவா! இன்று தமிழ்நாட்டில் பெயரோடு சாதியைச் சேர்த்து எழுதுபவரைத்தான் நாலு பேர் திரும்பிப் பார்க்கின்றனர். நாலு பேர் அச்சம் அழியவில்லை. அதன் முகம் வேறு பக்கம் திருப்பப்பட்டது. பெயரின் வாலை அறுத்தவர் மணப்பந்தலில் சாதி பார்க்கின்றனரே என்றால், ஆம், பார்க்கின்றனர். அந்த அறையில் உண்மை சொல்லும் முதல் ஆள் இன்னும் போதிய அளவு வரவில்லை.

பகுத்தறிவு இளைஞர்காள்! 'மந்தை வேறு, நாம் வேறு' என்று நெஞ்சு நிமிர்த்த வேண்டாம். ஆஷின் மாணவர் அறிவிலிகள் அல்லர், கல்லூரியில் படித்தவர்கள். நம் படிப்பகங்களிலும் தலைவர் ஒன்று சொன்னதும் 'ஏகமனதாக' என்று எழுதப்படும் தீர்மானங்கள் உண்டு. ஏகமனது என்ற சொல்லைக் காணும்போதெல்லாம், மறுத்துப் பேச எவருக்கேனும் இடம் தந்தீர்களா என்று அந்த ஏட்டைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தவன் பெயரை ஏளனத்திற்கன்றிக் குறிப்பிற்காக எழுதி வைக்கும் சங்கம் எது, அதைச் சொல்லுங்கள். அங்கே போய்ச் சேர்வோம்.

உத்திரமேரூரைச் சுற்றியுள்ள ஊராட்சிகளுக்கு 2021 அக்டோபரில் தேர்தல் நடந்தது. அதில் வாக்கு மறைவானது. ஆனால் தேர்ந்தெடுத்தபின் கணக்குக் கேட்கும் இடம் கிராம சபை, அது வெட்டவெளி. 2022 முதல் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை அதைக் கூட்ட ஏற்பாடு. மேசைக்குப் பின்னே ஊர்ப் பெரியவர்கள். முன்னே நிலமற்றவர்கள், நூறு நாள் வேலை அட்டைக்குக் காத்திருப்பவர்கள், அந்தப் பெரியவர் வயலிலேயே நாளைக்கு நடவு நடப்போகும் பெண்கள். வரவு செலவு படிக்கப்படும். 'யாருக்காவது மறுப்பு உண்டா?' என்ற கேள்வி எழும். அந்த வினாடியில் ஒவ்வொரு தலையும் பக்கத்துத் தலையைப் பார்க்கும். பிறகு கையெழுத்து ஏடு சுற்றி வரும்.

கல்வெட்டின் பெருமையை இவ்வூர்களில் பேச வருவோர், பேச்சைக் குறைத்துக்கொண்டு குடத்தைக் கொண்டு வரட்டும். கணக்கைப் படிப்பதற்கு முன் ஆளுக்கொரு துண்டுத்தாள் தரட்டும். கேள்வியைப் பெயரில்லாமல் எழுதிக் குடத்தில் இடட்டும். எழுதத் தெரியாத மூதாட்டி, தான் நம்பும் பள்ளிச் சிறுமியைக் கொண்டு எழுதுவித்துக்கொள்ளலாம். குடம் எல்லாரும் காண மேசைமேல் இருக்கட்டும். தாள்களை எடுத்துப் படிப்பவர் தலைவரின் மைத்துனராகவோ மருமகனாகவோ இல்லாதிருக்கட்டும். படித்த ஒவ்வொரு கேள்விக்கும் விடை சொன்னபின்பே கையெழுத்து ஏட்டைத் திறக்கட்டும். சேரித் தெருவுக்கு வராத குடிநீர்க் குழாயைப் பற்றி முதல் நாளே எத்தனை தாள்கள் வருகின்றன என்று எண்ணிப் பார்க்கலாம்.